ஏரிக்கரைப் பள்ளிவாசலுக்கு ஓர் உத்தரம்

சென்னைக்கு நான் வந்தது சுண்ணாம்பு குழைக்கப் பழகுவதற்கு. மட்டக்களப்பில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடப் பாடம் நடத்துகிறேன். பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது பற்றிய பயிற்சி வகுப்பொன்றுக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். வகுப்பு முடிகிற அன்று வெள்ளைத் தொப்பியும் கட்டம்போட்ட லுங்கியுமாக ஒருவர் வாசலில் வந்து நின்றார். பழவேற்காட்டில் ஒரு பழைய பள்ளிவாசலுக்கு முத்தவல்லி, அதாவது நிர்வாகி. பெயர் காதர் பாய்.

"யாராச்சும் ஒரு இஞ்சினியர் வந்து எங்க பள்ளிவாசலு கூரைய பாக்கணும். இடிக்கறதா வச்சிக்கறதான்னு ஒரு வார்த்த சொன்னா போதும்" என்றார். வகுப்பு நடத்தியவர்களுக்கு நேரமில்லை. எனக்கு விமானம் ஏற இன்னும் நாளிருந்தது. "நான் வாறன்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சிலோனாம்மா?"

"ஓம்."

"பரவால்ல. நம்ம தண்ணிக்கு அந்தாண்டதான" என்று சமாதானப்பட்டுக்கொண்டார்.

ஒரு நாள் வேலை என்று கிளம்பியவள் ஒரு வாரத்துக்கு மேல் அங்கே தங்கிவிட்டேன்.

புதன்கிழமை காலை மின்சார ரயில். மீஞ்சூரில் பாதிப்பேர் இறங்கி, வேலைக்குப் போகும் அவசரத்தில் படியேறினார்கள். அடுத்து அனுப்பம்பட்டில் வண்டி நின்றது, நின்றதுதான். ஏனென்று யாரும் கேட்கவில்லை. எதிரே இருந்த இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவரிடம் என்ன பேச்சு என்று கேட்டேன். "இந்தம்மா யாரு, வந்ததுலேர்ந்து ரயில் கூரையவே பாத்துக்கினு கீதேங்கறாங்க" என்றார். உண்மைதான். போகிற காரியம் மனதில் இருந்தது.

பொன்னேரியிலிருந்து ஷேர் ஆட்டோ. வயல்வெளி நடுவே அதன் பின்சக்கரம் காற்றுப்போய் உட்கார்ந்தது. எங்கள் ஊரில் இப்படி நடந்தால் ஓட்டுநர் மன்னிப்புக் கேட்பார், நாங்கள் முணுமுணுப்போம். இங்கே ஆட்டோக்காரர் இறங்கி, "எறங்குங்கமா, கொஞ்சம் காத்து வாங்குங்க" என்றார். ஏறியிருந்த எல்லோரும் இறங்கி வரப்பில் நின்று, நெல் எப்போது அறுப்பு என்று தமக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சக்கரம் மாற்றும்வரை நானும் காற்று வாங்கினேன். உப்புக் காற்று. அதில் சேற்று வாசமும் சேர்ந்திருந்தது. கண்ணை மூடினால் எங்கள் வாவிக்கரை.

ஏரியைப் பார்த்ததும் அந்த எண்ணம் மாறிற்று. மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரையும் தெரியும். இந்த ஏரிக்கு எதிர்க்கரை இருப்பதாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். இடுப்பளவுத் தண்ணீரில் பெண்கள் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். கழுத்தில் பனையோலைக் கூடையைத் தொங்கவிட்டு, கைகள் இரண்டும் தண்ணீருக்குள். வலையில்லை, தூண்டிலில்லை. அடிச்சேற்றைத் தடவி இறாலைக் கையாலேயே பிடித்துக் கூடையில் போடுகிறார்கள்.

காதர் பாயின் தங்கை நூர்ஜஹான் அக்கா வீட்டில் எனக்கு இடம். முதல் நாள் மதியம் நண்டுக் குழம்பும் மடவை மீன் வறுவலும். குழம்பின் காரம் காதுவரை ஏறியது. எங்கள் பக்கம் தேங்காய்ப்பால் விட்டுத்தான் மீன் கறி வைப்போம் என்றேன்.

"தேங்காப்பால ஊத்தினா அது இன்னா கொழம்பு? பாயசமால்ல இருக்கும்!" என்றார் அக்கா. ஆமாம் என்பதற்கு நான் "ஓம்" என்று சொல்வது அவரைச் சிரிக்க வைத்தது. "எங்கூட்ல உக்காந்துகினு ஓம் ஓம்னு சொல்றியேம்மா, தெருவுல போறவங்க பூச நடக்குதுன்னு நெனச்சிக்கப் போறாங்க."

சாப்பிட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனோம்.

தூரத்திலிருந்து பார்த்தால் பள்ளிவாசல் என்றே தெரியாது. வானளாவும் மினாரா இல்லை. முகப்பின் இரு மூலையிலும் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இரண்டு குட்டித் தூண்கள், உச்சியில் ஒரு மொட்டு. உள்ளே நுழைந்தால் கருங்கல் தூண் மண்டபம். தூண்களின் தலையில் தாமரைப் போதிகை. கொடி, பூ, இலை எல்லாம் உண்டு. ஓர் உருவம் கூடக் கிடையாது. கோயில் மண்டபம் செதுக்கிய அதே உளிதான் இங்கேயும் வேலை செய்திருக்கிறது, கட்டச் சொன்னவர்களின் மனமறிந்து. மேற்குச் சுவரில் தொழுகைத் திசை காட்டும் மாடம். அதன் வளைவு, கவிழ்த்து வைத்த படகின் முன்பக்கம் போலக் கூம்பி நிற்கிறது. பூசிய சுண்ணாம்பு இன்னும் முட்டை ஓடு போல வழுவழுக்கிறது. கை வைத்தேன், உச்சி வெயிலிலும் குளிர்ந்தது.

ஜன்னல்கள் சிறியவை, தரையை ஒட்டியவை. நிற்கிறவருக்கு அவற்றால் பயனில்லை. உட்கார்ந்தால் ஏரிக்காற்று நேராக முகத்துக்கு வருகிறது. உட்கார்ந்து ஓதுகிறவர்களை நினைத்து வைத்த ஜன்னல்கள். முற்றத்தில் தொழுமுன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் தொட்டி, அதில் மீன்கள். ஓரத்தில் நிழலைக் கொண்டு தொழுகை நேரம் பார்க்கும் கல். அது இப்போதும் சரியாகக் காட்டுகிறது என்று காதர் பாய் கைபேசியை அருகில் வைத்துக் காட்டினார்.

வாசல் நிலைக்கு மேலே ஒரு கல்லில் அரபு எழுத்து. "படிங்கம்மா" என்றார். எனக்கு அரபு தெரியாது என்றேன்.

"எழுத்துதாம்மா அரபி. பேச்சு நம்ம தமிழு" என்று சொல்லி விரலை ஓட்டி வாசித்தார். கப்பலேறிப் போனவர்கள் நல்லபடி கரைசேர வருகிறவர்களெல்லாம் இறைவனிடம் துஆக் கேட்க வேண்டும் என்று தமிழில் எழுதியிருந்தது.

இந்த ஊரிலிருந்து துணிமூட்டைகள் கடல்தாண்டிப் போன காலம் ஒன்று இருந்தது. டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வியாபாரம் செய்தார்கள். எங்கள் ஊரிலும் அவர்கள் பிடித்து வைத்திருந்த கோட்டை உண்டு, இன்றும் நிற்கிறது. இங்கே அவர்களுடைய கல்லறைகள்தான் நிற்கின்றன. அவர்கள் வருவதற்கு முன்பே மரக்கலத்தில் வந்து தங்கிவிட்டவர்கள் தம் முன்னோர் என்றார் காதர் பாய். "எப்ப வந்தாங்கன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. வந்தவங்க திரும்பிப் போல, அது மட்டும் நெசம்."

பிறகு அவர் பேச்சை நிறுத்தி மேலே கை காட்டினார்.

மண்டபத்தின் நடு உத்தரம் ஒரு முனையில் வெடித்திருந்தது. கீழே சவுக்குக் கம்பங்களை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். தொழுகை வெளித் தாழ்வாரத்துக்கு மாறிவிட்டது.

மறுநாள் காலை தலையில் முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினேன். பெண் ஒருத்தி பள்ளிவாசல் மொட்டைமாடியில் நிற்பதைப் பார்க்கத் தெருவில் கூட்டம் கூடியது. "கூரைக்கு மேல ஏர்றதுக்கு இன்னா சட்டம்? வேலைய பாருங்கம்மா" என்று காதர் பாய் கீழிருந்து குரல் கொடுத்தார்.

மேலே யாரோ நல்லெண்ணத்தில் சிமெண்ட் பூசியிருந்தார்கள். அது வெடித்து, உள்ளே போன மழைத்தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உத்தரத்தின் முனையில் போய்த் தங்கியிருக்கிறது. மற்ற உத்தரங்களை ஒவ்வொன்றாகத் தட்டினேன், துளையிட்டேன். எல்லாம் மணி மாதிரி இருந்தன. குறுக்குச் சட்டங்களும் அவற்றின் மேல் சாய்வாக அடுக்கிய செங்கல்லும் அசையவில்லை. நோய் ஓர் உத்தரத்துக்கு மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலின் ஊர்ச்சபையான ஜமாஅத் கூடியது. இடிக்க வேண்டும் என்ற பக்கத்துக்குப் பேசியவர் சலீம் பாய். சென்னையில் மரக்கடை வைத்திருக்கிறார். ஒவ்வொரு வெள்ளியும் தொழ ஊருக்கு வந்துவிடுகிறவர். கெட்ட மனிதர் என்று சொல்ல ஒன்றுமில்லை. அவர் கவலை நியாயமானது.

"புள்ளைங்க ஓதுற எடம் இது. நாளைக்கு மேல வுழுந்தா யார் பதில் சொல்றது? பழசு அழகா இருக்குன்னு உசுர பணயம் வைக்க முடியுமா? காங்கிரீட்டுல கட்டுவோம், அம்பது வருசத்துக்குக் கவல இல்ல."

காதர் பாய் என்னைப் பார்த்தார். கடலோரம் காங்கிரீட் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம். சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் அவசரமாக எழுப்பிய கட்டடங்களில் கம்பி துருப்பிடித்து வீங்கிச் சுவரைப் பிளந்திருக்கிறது. அதைச் சொன்னேன். ஓர் உத்தரத்தை மாற்றினால் இந்தக் கூரை நம்மையெல்லாம் தாண்டி நிற்கும் என்றேன்.

சலீம் பாய் எழுந்தார். "நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்கம்மா. மாத்தின உத்தரத்துக்குக் கீழ, முட்டு எடுக்கறப்ப நீங்க நிப்பீங்களா?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"நிப்பன்" என்றேன்.

ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்கள். அதற்குள் உத்தரம் ஏறாவிட்டால் இடிப்பு.

அந்த நீளத்துக்கு ஒரே மரம் கிடைக்குமா என்று சலீம் பாயிடமே கேட்டேன். அவர் தன் கடைக்கும் தெரிந்த கடைகளுக்கும் போன் போட்டார். இடிக்கச் சொன்னவர், மரம் தேடுவதில் குறை வைக்கவில்லை. ஆனால் கிடைக்கவில்லை. அப்போதுதான் அக்கா வீட்டுக்கு மீன் கொடுக்க வந்த தேசப்பன் வாசலில் நின்றபடியே, "எங்க குப்பத்துல ஒரு கட்ட கீதேம்மா" என்றார்.

தேசப்பன் கோட்டைக்குப்பத்துக்காரர். வலைக்குழு ஒன்றுக்குத் தலைவர். அன்று மாலையே அவர் படகில் போனேன். அம்மன் கோயிலுக்கு எதிரே, பூவரச மரத்தடியில் அது கிடந்தது. ஒரு புயலில் கடல் கொண்டுவந்து கரையில் போட்ட பெருமரம். என்ன மரமென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏதோ தூர தேசத்து மரம். ஒரு முனையைக் கடற்புழு துளைத்திருந்தது. மற்றதெல்லாம் இரும்பு. வெயிலிலும் காற்றிலும் கிடந்து நன்றாகக் காய்ந்திருந்தது. அதன்மேல் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து இறால் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்திரிங்க, இஞ்சினியரம்மா பாக்கணுமாம்" என்றார் தேசப்பன்.

நடுவில் உட்கார்ந்திருந்த காசியம்மா நகரவில்லை. "இன்னாத்துக்கு?"

"பாய்ங்க பள்ளிக்கு உத்தரம் வைக்கணுமாம்."

"அப்ப நாங்க எங்க குந்தறது?"

"அதுக்குன்னு சாமி கூரை வுழணுமா?"

காசியம்மா கொஞ்சம் யோசித்தார். "அவங்க வந்து கேக்கட்டும். ஊரு கூடிச் சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு இறாலுக்குத் திரும்பினார்.

ஊர் கூடியது. மறுநாள் காலையில், கோயில் முன்னால். காதர் பாய் வந்து கைகூப்பிக் கேட்டார். நான் ஓரமாக நின்றேன். பெரிய விவாதம் எதுவும் நடக்கவில்லை. ஒருவர் மட்டும், கடல் நமக்குக் கொடுத்ததை ஏன் கொடுக்க வேண்டும் என்றார். தேசப்பன் பதில் சொன்னார்: "கடலு நமக்குனு சீட்டு எழுதியா கொடுத்துது? புயலு வந்தப்ப இந்தக் கட்ட இங்க ஒதுங்கிச்சு, நம்ம ஜனம் எங்க ஒதுங்கிச்சு? அந்தப் பள்ளி மண்டபத்துலதான."

மரத்தைக் கொடுக்க ஊர் சம்மதித்தது.

எங்கள் பக்கத்தில் கோயிலும் பள்ளிவாசலும் ஒரே வீதியில் நிற்கிற ஊர்கள் உண்டு. யுத்தக் காலத்தில் அவற்றுக்கு நடுவே நடந்தவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அன்று அந்தப் பூவரச மரத்தடியில் நின்றதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

மரத்தைக் கொண்டுவருவது தனிக் கூத்து. அது பாதிக்கு மேல் அமிழ்ந்தே மிதந்தது. இரண்டு பக்கமும் காலி பிளாஸ்டிக் டிரம்களைக் கட்டி, படகில் கயிறு போட்டு இழுத்தோம். பாதி வழியில் தண்ணீர் வற்றிப் படகு சேற்றில் தட்டியது. "எறங்கித் தள்ளுங்க" என்றார்கள். நானும் இறங்கினேன். என் செருப்பு ஒன்றைப் பழவேற்காட்டு ஏரி வைத்துக்கொண்டது. தூரத்தில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றபடி எங்களைப் பார்த்தன. அவற்றுக்குச் செருப்புத் தொல்லை இல்லை.

படகு கட்டும் ஆசாரிகள் இரண்டு பேர் மரத்தைச் சதுரமாகச் செதுக்கினார்கள். புழு தின்ற முனையை வெட்டியெறிந்த பிறகும் நீளம் போதுமானதாக இருந்தது. கூரையை முட்டுகளில் நிறுத்தி, வெடித்த உத்தரத்தை இறக்கிவிட்டு, புதன்கிழமை காலை புதியதைத் தூக்குவது என்று முடிவாயிற்று. ஏரியில் மீன்பிடிக்க ஒவ்வொரு குழுவுக்கும் முறை வைத்திருக்கிறார்கள், அதைப் பாடு என்கிறார்கள். அந்தப் புதன் தேசப்பன் குழுவின் பாடு. அதை விட்டுவிட்டு வந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "மீனு எங்கம்மா போயிடும்?" என்றார் தேசப்பன்.

வாடகைக்கு எடுத்த இரண்டு சங்கிலிக் கப்பிகளை முனைக்கு ஒன்றாகச் சாரத்தில் மாட்டினோம். மரம் மெல்ல ஏறியது. ஆள் உயரம் தாண்டியிருக்கும். ஒரு கப்பி 'கடக்' என்று மாட்டிக்கொண்டது. மறுமுனை மட்டும் ஏறிக்கொண்டே போனது.

"நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். அதற்குள் மரம் சாய்ந்து, கட்டியிருந்த கண்ணியிலிருந்து நழுவ ஆரம்பித்தது. கீழே காதர் பாய் நின்றிருந்தார். நகரவேயில்லை, அண்ணாந்து பார்த்தபடி உறைந்துபோய் நின்றார். ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தவர் சலீம் பாய். வேடிக்கை பார்க்க மட்டும் வந்ததாகச் சொல்லியிருந்தவர்.

தேசப்பனின் ஆட்கள் வலைக்கயிற்றை வீசி மரத்தின் முனையில் போட்டு, கருங்கல் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடித்தார்கள். மரம் அந்தரத்தில் நின்றது. யாரோ ஓவென்று ஒரு குரல் எடுத்தார். கரையில் நின்று பெரிய வலையை இழுக்கும்போது பாடுகிற குரல். ஒருவர் எடுக்க, மற்றவர்கள் வாங்கிக்கொள்ள, ஒவ்வொரு வாங்கலுக்கும் கயிறு ஒரு சாண் உள்ளே வந்தது. தெருவில் நின்றவர்கள் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார்கள். தொப்பிக்காரர்களும் பிடித்தார்கள். சலீம் பாய் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கடைசி ஆளாக நின்று இழுத்தார். பாட்டு அவருக்குத் தெரியவில்லை. "ஹே" என்று மட்டும் சேர்ந்துகொண்டார். நான் சுவரில் ஏறி நின்று, "இந்தப் பக்கம் கொஞ்சம், கொஞ்சம், போதும்" என்று தொண்டை கட்டக் கத்தினேன். மதியத் தொழுகைக்கு அழைப்பு வரும்போது உத்தரம் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

வியாழக்கிழமை முட்டுகளை எடுத்தோம். சொன்னபடி நான் நடுவில் போய் நின்றேன். ஆப்பு இறங்க இறங்க மேலே மரம் முனகியது. புதிதாகப் பாரம் ஏற்கும் எந்த மரமும் முனகும். எத்தனை முறை மாணவர்களுக்குச் சொல்லியிருப்பேன்! கடைசிக் கம்பத்தைத் தட்டி எடுத்தார்கள். கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் என் முக்காட்டில் விழுந்தது. அவ்வளவுதான். காதர் பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலை கோட்டைக்குப்பத்துப் பெண்கள் ஈரச் சேலையோடு வந்து வாசலில் நின்றார்கள். தங்கள் கட்டை எங்கே போனது என்று பார்க்க வேண்டுமாம். நூர்ஜஹான் அக்கா அவர்களை உள்ளே கூட்டிப்போனார். காசியம்மா இடுப்பில் கைவைத்து வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"இத்தினி நாளு நாங்க அது மேல குந்தினோம். இப்ப அது நம்ம எல்லார் மேலயும் குந்திக்கினு கீது" என்றார்.

வெள்ளிக்கிழமை நான் கிளம்பும் நாள். ஜும்ஆ முடியும்வரை இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். முற்றத்து ஓரத்தில் அக்காவோடு உட்கார்ந்திருந்தேன். வாடைக்காற்றோடு மழை பிடித்துக்கொண்டது, நல்ல மழை. உள்ளே வரிசைகள் நிரம்பிக்கொண்டிருந்தன. சலீம் பாய் தாமதமாக வந்தார். வாசலுக்குப் பக்கத்திலேயே இடம் இருந்தும் ஆட்களைத் தாண்டி நடந்துபோய், நடு உத்தரத்துக்கு நேர் கீழே நின்று கைகட்டினார்.

தொழுகை முடிந்து வெளியே வந்தவர் நேரே என்னிடம் வந்தார். சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "தொழறப்ப மேல பாக்கக் கூடாதும்மா. தெரிஞ்சேதான் பாத்தேன். மொதல் ரக்அத்து பூரா கண்ணு உத்தரத்துலயேதான் இருந்துது" என்றார்.

"பிறகு?"

மழையைப் பார்த்தபடி செருப்பை மாட்டிக்கொண்டார். "அப்புறம் மறந்துட்டேன்."